எந்தப் பக்கம் இடப்பக்கம்?

தமிழ்த்துறை மலரில் மின்கருவியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். கேட்பதில் தவறொன்றும் இல்லை. இத்துறையில் இலக்கியம் பயின்று வெளியேறிய நாம், பிழைப்பின் பொருட்டுக் கணிப்பொறி வலையமைப்புக் கருவிகளைப் பேணும் பணியிற் சேர்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மலர்க்குழுவினர் கட்டுரை வேண்டியபோது, யாப்பையோ காப்பியத்தையோ பற்றி நினைவிலிருந்து எழுதுவதைவிட, நாள்தோறும் கைப்படும் தொழிலைப் பற்றி எழுதுவதே நேர்மை என்று நமக்குப் பட்டது. மேலும், இக்கட்டுரையின் உயிர்நிலை ஓர் எளிய தமிழ்ச்சொல்லின் பொருள்மயக்கத்தில்தான் இருக்கின்றது. ஆதலால் துறைக்கு முற்றிலும் புறம்பானதன்று.

நமது ஊர் திருக்கழுக்குன்றம். அருகிலுள்ள கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-இல் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அத்தகைய நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் எங்கள் தெரு விளக்குகள் அணையும்போதெல்லாம் பெரியவர்கள் சொல்லிச் சிரித்த வேடிக்கைப் பேச்சுகளை இங்கு எழுத இடமில்லை. வடக்கே சிறுசேரியில் இன்று பெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. அவற்றினுள் வரிசை வரிசையாக நிற்பவை, பத்தொன்பது அங்குல அகலக் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய இரும்புச் சட்டங்கள். தொழிலாளர் அவற்றை ‘ரேக்’ என்பர். நாமும் அவ்வாறே வழங்குவோம். இவை நகரத்து விந்தைகள் என்று எண்ணிவிட வேண்டா. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தின் வழியே, ஊராட்சி சேவை மையங்களுக்கும் சிறு ரேக்கும், ரவுட்டரும், யு.பி.எஸ்ஸும் வந்து சேர்ந்திருக்கின்றன. எனவே அவற்றைத் தொடும் கைகள் இனி நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளே.

இக்கருவிகளிற் பலவற்றுக்குப் பின்புறத்தில் இரண்டு ‘பவர் சப்ளை’ பெட்டிகள் செருகப்பட்டிருக்கும். செங்கல்லைவிடச் சற்று நீண்ட உருவம், ஒரு கைப்பிடி, ஒரு சிறு விளக்கு, உள்ளே ஒரு விசிறி. அவ்வளவே. இரண்டும் சுமையைப் பகிர்ந்து நிற்கும். ஒன்று பழுதுற்றால் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கும். அதற்குள் பழுதுற்றதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். கருவியை நிறுத்தவே வேண்டியதில்லை. எங்கள் மலைக்கு உச்சிப்பொழுதில் வந்திறங்கிய இரு கழுகுகளை ஊர்ப் பெரியவர்கள் எச்சமயத்தவராயினும் கண்டிருப்பர். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்பர் பறவை நூலார். இப்போது அவை வருவதில்லை. இரட்டையாக இருப்பது எதுவும் என்றும் இரட்டையாகவே இருக்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு எங்கள் ஊரார்க்கு வேறு சான்று வேண்டா. ரேக்கிலும் அப்படியே. இரு பெட்டிகளின் கம்பிகளையும் ஒரே பலகையில், ஒரே ஸ்விட்சின் கீழ்ச் செருகி வைத்திருப்பதை எத்தனையோ இடங்களிற் கண்டிருக்கின்றோம். அங்கே பெட்டி இரண்டு, காவல் ஒன்றுதான். அந்த ஸ்விட்ச் விழுந்தால் இரண்டும் ஒருங்கே அணையும்.

நாங்கள் சாச்சா என்றழைக்கும் சிறிய தந்தையார் தொலைபேசித் துறையிற் பணியாற்றியவர். தொலைபேசி நிலையங்கள் எதிர்மின் 48 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டு வோல்ட்டு மின்கலங்கள் இருபத்து நான்கினை வரிசையாக இணைத்தால் கிடைப்பது அது. நேர்முனையைப் புவியோடு இணைத்து வைப்பர். மண்ணிற் புதைத்த செம்புக் கம்பி மின்பகுப்பால் அரிக்கப்படாதிருக்கவே அந்த ஏற்பாடு. இன்றும் பெரிய வலையமைப்புக் கருவிகளிற் பல இதே மரபில் 48 வோல்ட்டை ஏற்கின்றன. சாச்சா பணிக்குப் புறப்படும்போது கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பிறையில் வைத்துவிட்டே செல்வார். “நாற்பத்தெட்டு வோல்ட்டு ஆளைக் கொல்லாதாம், ஆனால் மோதிரத்தைக் காய்ச்சிவிடும்” என்பது அவர் வாக்கு. அது முழு உண்மை. வோல்ட்டு குறைவெனினும் மின்கல வரிசை நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை வெளிவிட வல்லது. மோதிரமோ திருப்புளியோ இரு முனைகளையும் தொட்டுவிட்டால், அவ்வுலோகம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். ஈரக்கையராய் இருப்பின் ஆளைக் கொல்லாது என்னும் பகுதியையும் நாம் நம்புவதில்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகம். மக்கள் சான்றிதழ்களுக்காக வரிசையில் நின்ற ஒரு முற்பகல். இரு பெட்டிகளில் ஒன்றில் பச்சை விளக்கு அணைந்து செம்மஞ்சள் எரிந்தது. மாற்றுப் பெட்டி வந்திருந்தது. மேற்பார்வையாளர் ரேக்கின் முன்புறம் நின்று திரையைப் பார்த்தவாறு, “இடப்பக்கத்ததை உருவு” என்றார். ஒப்பந்தக் கூலிக்கு வந்திருந்த பையன், எங்கள் ஊர்ப்பக்கத்தவன், பின்புறம் நின்றான். முன்னிருந்து நோக்குவார்க்கு இடம், பின்னிருந்து நோக்குவார்க்கு வலம். அவன் தன் இடப்பக்கத்தைப் பார்த்தான். அங்கே பச்சை எரிந்தது. “பச்சை எரியுதே சார்?” என்று கேட்டான். “சொன்னதைச் செய்” என்பது விடை. செய்தான். ரேக் முழுதும் இருண்டது. கருவிகள் மீண்டெழவும் இணைப்புகள் திரும்பவும் நேரமாயிற்று. வரிசை கலைந்து போயிற்று. பழுதுபார்க்க அழைக்கப்பட்டு நாம் பிற்பகலிற் சென்றபோது அவன் மாடிப்படியில் அமர்ந்திருந்தான். “அண்ணே, கேட்டேனே அண்ணே” என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் இல்லை. அவ்வாரமே அவனை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கட்டளை பிழையேயன்றிக் கை பிழையன்று என்று நாம் எழுத்து மூலம் தெரிவித்தோம். விடை வரவில்லை. அவன் இப்போது செங்கற்பட்டில் வீடுகளுக்குக் கண்காணிப்புக் காமிரா பொருத்தி வருகின்றான்.

அதன்பின் நம் பொறுப்பிலுள்ள ரேக்குகளின் பின்கதவில் ஒரு தாளைத் தமிழில் எழுதி ஒட்டினோம். கருவியோடு வரும் கையேடுகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றை வாசிப்பவர் மேசையில் இருக்கிறார், கருவியைத் தொடுபவர் கதவருகில் நிற்கிறார். தாளில் இடம், வலம் என்னும் சொற்களே கிடையா. பெட்டிகளுக்கு ‘அ’, ‘ஆ’ என்று பெயரிட்டு, முன்னும் பின்னும் எழுத்தை ஒட்டினோம். அகரப் பெட்டியின் கம்பிக்குச் சிவப்பு நாடா, ஆகாரப் பெட்டியின் கம்பிக்கு நீல நாடா. இருவரும் எழுத்தைச் சொல்லி, விளக்கின் நிறத்தையும் சொல்லி, ஒத்துக்கொண்ட பின்னரே கை நீளவேண்டும். நிறமும் எழுத்தும் முரண்பட்டால் கூலியாள் கையை எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினோம். இவ்வரியை நீக்குமாறு ஒருவர் சொன்னார். நீக்கவில்லை.

உருவும் முறை பெரிதன்று. மீதியிருக்கும் ஒற்றைப் பெட்டி முழுச் சுமையையும் தாங்குமா என்பதை முதலில் திரையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரிய கருவிகளில் தாங்காத நிலையும் உண்டு. மணிக்கட்டில் புவியிணைப்புப் பட்டை அணியவேண்டும். நமது கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி, நிலைமின்சாரம் ஏது என்று சிலர் நகைப்பர். குளிரூட்டிய அறையின் காற்று அத்தகையதன்று. நமக்கு உறைக்காத அளவு மின்னூட்டமே சில்லுகளைச் சிதைக்கப் போதும். பின்னர் அப்பெட்டியின் ஸ்விட்சை அணைத்து, கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, விசிறி நிற்கும்வரை சற்றுப் பொறுத்து, கொக்கியை அழுத்தி, ஒரு கையாற் கைப்பிடியை இழுத்து, மறு கையை அடியில் ஏந்தி வாங்கவேண்டும். பெட்டி கனமானது. பாதியில் நழுவினால் பின்பலகையின் முனைகளை வளைத்துவிடும். காலியான பொந்தினுள் கையோ கருவியோ நுழையலாகாது. உள்ளே மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கின்றது. பொந்தை நெடுநேரம் திறந்தும் விடலாகாது, காற்றோட்டம் அங்கே கசிந்து ஏனைய பகுதிகள் சூடேறும். புதிய பெட்டியைக் கம்பியின்றியே செருகி, கொக்கி ‘கிளிக்’ என்றொலித்த பின்னரே கம்பியை இணைக்கவேண்டும். செல்லவில்லையெனில் முட்டித் தள்ளுவது மூடத்தனம். அடையாள எண் ஒவ்வாத பெட்டியாயிருக்கக்கூடும்.

48 வோல்ட்டுக் கருவியில் ஒழுங்கு வேறு. மின்பலகையில் பிரேக்கரை அணைத்துப் பூட்டி, சீட்டுக் கட்டி, மின்சாரம் இல்லையென்பதை மீட்டரால் அளந்து, பிறகே எதிர்முனைக் கம்பி, அதன்பின் நேர்முனை, கடைசியாகப் புவிக்கம்பி என்று கழற்றுவர். பூட்டுவது இதன் தலைகீழ், அதாவது புவிக்கம்பி முதலில்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாளிரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. இத்தகைய இரவுகளில் மின்கம்பி ஓய்ந்துவிட்டது, ஆகவே ஆபத்தில்லை என்றெண்ணிக் கதவைத் திறப்போர் உண்டு. யு.பி.எஸ்ஸின் மின்கலம் அந்நேரத்திலும் 230 வோல்ட்டைத் தந்துகொண்டிருக்கும். தாளின் மேல்விளிம்பில் இதனைச் சிவப்பு மையால் எழுதி வைத்துள்ளோம்.

‘பவர் சப்ளை’ என்பதற்கு ‘மின்வழங்கி’ என்று எழுதலாகாதா என்று நம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல சொல். வகுப்பறையிலும் நூலிலும் அதுவே நிலவட்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் இருட்டறையில் அவசரத்தில் நிற்கும் பையன் எந்தச் சொல்லைக் கேட்டவுடன் அறிகின்றானோ, அச்சொல்லே அத்தாளில் நிற்கவேண்டும். ‘எடு’ என்பதையும் விலக்கினோம். பேச்சு வழக்கில் ‘லைனை எடு’ என்றால் துண்டிப்பதும் ஆகலாம், புதிதாக இழுப்பதும் ஆகலாம். ‘உருவு’, ‘செருகு’, ‘அணை’, ‘அள’ என்னும் நான்கு வினைகளே தாள் முழுதும் பயின்று வரும். இலக்கண வகுப்பில் ஏவல் வினை கற்றது வீண்போகவில்லை.

கழற்றிய பெட்டியின் மேல் நாளும், எழுத்தும், கண்ட குறையும் எழுதிக் கட்டித் தனியே வைக்கின்றோம். உள்ளிருக்கும் மின்தேக்கி ஏறத்தாழ 400 வோல்ட்டைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கக்கூடும் என்பதால் அதன் மூடியைத் திறக்க எவரையும் விடுவதில்லை. செம்புக்காக உடைத்துப் பார்க்கும் பழைய இரும்புக் கடைக்கும் அதனை அனுப்புவதில்லை. மின்னணுக் கழிவைப் பெறும் உரிமம் பெற்றோர் வண்டி வரும்வரை, அது அலமாரியின் கீழ்த்தட்டில் காத்திருக்கும்.