மூவாயிரத்தில் ஒருவன்

“டிக்கெட்தானே அக்கா, என் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். வாங்கிக் கொடுத்துடுவான்.”

போன நவம்பரில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் நான் கொடுத்த வாக்கு இது. இதனால் மூன்று வாரம் அக்கா என்னோடு பேசவில்லை.

அக்கா பேரன் மான்செஸ்டரில் எம்.எஸ்ஸி. படிக்கிறான். என் மகனுக்கு லண்டன் கிளப் ஒன்றின் மேல் பைத்தியம். (பெயர் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள்!) அந்த டீம் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஆட ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போகிறது. பேரனுக்கும் சித்தப்பா டீம்தான் உயிர். ‘அவங்க கூட்டத்தோட உட்கார்ந்து பார்க்கணும், சின்னப் பாட்டி’ என்று கேட்டான். இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்துவிட்டேன்.

“முடியாதும்மா” என்றான் மகன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

“74,000 பேர் உட்கார்ற ஸ்டேடியமாமே. ஒரு சீட்டு கூடவா இல்ல?”

“அதுல எங்களுக்கு 3,000தான்.”

அப்புறம்தான் விளக்கினான். பிரீமியர் லீக்கில், உள்ளூர் கிளப் விருந்தாளி அணியின் ரசிகர்களுக்கு 3,000 சீட்டு ஒதுக்க வேண்டும். 30,000 பேர் கூட உட்கார முடியாத மைதானம் என்றால் பத்து சதவீதம். போர்ன்மத் மைதானமே 11,000 சொச்சம்தான். அங்கே போனால் சுமார் 1,100 பேருக்குத்தான் இடம். வெளியூர் டிக்கெட்டை 30 பவுண்டுக்கு மேல் விற்கக் கூடாது என்று 2016-ல் கிளப்கள் முடிவெடுத்தன. விலை கட்டுக்குள், இடமோ கொஞ்சம். போட்டிக்குக் கேட்பானேன்!

“சரி, அந்த 3,000 யாருக்கு?”

“பாயிண்ட் இருக்கறவங்களுக்கு.”

நம் ஊர் போல முதலில் வந்தவருக்கு முதலில் என்பது இல்லை. ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் போகப் போக, பெயரில் புள்ளிகள் ஏறும். அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கு முதல் நாள் விற்பனை. மிச்சம் இருந்தால் அடுத்த படி, அதற்கடுத்த படி. கிளப்புக்குக் கிளப் கணக்கு கொஞ்சம் மாறும். சில இடங்களில் ஒரு பங்கைக் குலுக்கல் போட்டும் கொடுப்பார்கள். பெரிய ஆட்டம் என்றால் கடைசிப் படி வரை டிக்கெட் இறங்கி வராது.

“அப்போ உன் டிக்கெட்டைக் கொடேன். நீதான் வாராவாரம் போறியே!”

அவன் முகம் மாறியது. டிக்கெட் அவன் பெயரில் வருவது. ‘அடையாள அட்டையோடு நேரில் வந்து வாங்கிக்கொள்’ என்று கிளப் திடீரெனச் சொல்லும். வேறு ஆள் போனது தெரிந்தால் புள்ளிகள் காலி. அனுமதியில்லாமல் விற்றால் 1994-லிருந்து அது சட்டப்படி குற்றம். உள்ளூர்க்காரர் பகுதியில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து, நம் டீம் கோல் போட்டதும் பேரன் துள்ளினால், வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. “அண்ணன் பையனைவிட உனக்கு இந்தப் பாயிண்ட்தான் பெருசா?” என்று கேட்டுவிட்டேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தவன், மெதுவாகச் சொன்னான்.

“அப்பா காரியமெல்லாம் முடிஞ்சு நான் திரும்பி வந்தேன் இல்லம்மா, அந்த சனிக்கிழமை இந்த வீட்டுல இருக்க முடியல. நியூகாசில் ஆட்டத்துக்கு டிக்கெட் இருந்துச்சு. பஸ் ஏறிட்டேன். ஆறு மணி நேரம். பக்கத்து சீட்டுல ஒரு தாத்தா, ரிட்டயர் ஆன போஸ்ட்மேன். நான் அழுததைப் பார்த்தார். ஒண்ணும் கேக்கல. பிளாஸ்க்கிலிருந்து டீ ஊத்திக் கொடுத்தார். அங்கே எங்களுக்கு உச்சாணி அடுக்குல இடம். என் தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் அவர் படியேறினார். அன்னைலேருந்து எல்லா வெளியூர் ஆட்டத்துக்கும் சேர்ந்துதான் போறோம். பாயிண்ட் போச்சுன்னா அவர் தனியா படியேறணும்மா.”

நான் எழுந்து போய் டீ போட்டேன். வேறென்ன செய்ய?

அக்காவுக்கு போன் செய்து, “தெரியாம வாக்கு கொடுத்துட்டேன், என் தப்பு” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜனவரியில் மகனே ஒரு வழி கண்டுபிடித்தான். எஃப்.ஏ. கோப்பை ஆட்டம், லண்டனில், சின்ன டிவிஷன் அணியோடு. டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. பேரன் ரயிலேறி வந்தான். மூன்று பேரும் போனோம். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட், மகனின் மப்ளர் என்று மூட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

எதிர்மூலையில் அந்தச் சின்ன ஊர்க் கூட்டம். இந்தக் கோப்பையில் விருந்தாளி அணி 15 சதவீதம் வரை இடம் கேட்கலாமாம். ஊரே கிளம்பி வந்தது போல இருந்தது. நாலு கோல் வாங்கினார்கள். ஒவ்வொரு கோலுக்கும் பாட்டு இன்னும் சத்தமானது. ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய வீரர்கள் அந்த மூலைக்குப் போய்க் கைதட்டி நன்றி சொன்னார்கள். தோற்றுப்போன பிள்ளைகளுக்கு எதிரில் நின்று கைதட்ட அத்தனை தூரம் வந்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகன் வெளியூர்களில் எங்கே நிற்கிறான் என்று அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது பேரன் கேட்டான்: “சித்தப்பா, முதல் பாயிண்ட் எப்படி வாங்கறது?”

மகன் சிரித்தான். “மெம்பர் ஆகு. யாரும் போக விரும்பாத ஆட்டத்துக்குப் போ.”

நான் ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். அக்காவே கூப்பிட்டாள்.

“ஏன்டி, என் பேரன் செவ்வாய்க்கிழமை ராத்திரி, கொட்டற மழையில, எங்கேயோ பந்து பார்க்க பஸ் ஏறிப் போறானாம். உன் பையனைக் கொஞ்சம் கேக்கக் கூடாதா?”

“கேட்டேன் அக்கா” என்றேன். “பக்கத்து சீட்டுல ஒரு தாத்தா இருக்காராம். பிளாஸ்க்குல டீயும் இருக்காம். கவலைப்படாதே.”