சொல்தா தாத்தாவின் தகர டப்பா

காலையில் ரொட்டி வாங்கி வருவது என் வேலை. எங்கள் வீட்டுக்கு இல்லை. எங்களுக்குப் பழையதும், வடவம் தாளித்த முந்தின நாள் மீன்குழம்பும் போதும். ரொட்டி எதிர்வீட்டுச் சொல்தா தாத்தாவுக்கு. விடியுமுன்னே ஆயா என்னை உலுக்கி எழுப்பி, கையில் சில்லறையைத் திணித்துத் தெருவில் தள்ளிவிடுவாள். ஈஸ்வரன் கோயில் வீதி இருட்டு கலையாமல் கிடக்கும். தெளித்த வாசலிலிருந்து சாணித்தண்ணீர் வாசனை, கோயிலிலிருந்து கற்பூரம், அதையெல்லாம் தாண்டி இரண்டு தெரு தள்ளியிருந்த ரொட்டிக் கடையில் அடுப்பைத் திறந்ததும் வரும் பாருங்கள் ஒரு மணம், அது இழுத்த பக்கம்தான் என் கால் போகும். முழங்கை நீளத்தில், முதுகில் கீறல் போட்டு, தொட்டாலே பொருபொருவென்று உதிரும் ரொட்டியைப் பழைய பேப்பரில் சுற்றித் தருவார்கள். மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தால் மார்கழிப் பனியிலும் சட்டைக்குள் கதகதவென்று இருக்கும். வீடு வருவதற்குள் ஒரு முனை மட்டும் காணாமல் போய்விடும்.

தாத்தா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "இன்னிக்கும் எலி கடிச்சிருக்குது."

"பெரிய எலியா இருக்கும் தாத்தா."

"ம். டிராயர் போட்ட எலி."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்று பெயர். சிப்பாய் என்றால் தாத்தாவுக்கு மூக்கு சிவந்துவிடும். சைகோன் வரை கப்பலில் போய் வந்தவர். ஒப்பந்தப்படி ஊர் முழுக்க இந்தியாவோடு சேர்ந்த 1962-ல் பலரும் இந்தியர் ஆனார்கள், அவர் மட்டும் காகிதத்தில் பிரெஞ்சுக்காரராகவே நின்றுகொண்டார். காகிதத்தில்தான். மற்றபடி எங்களைப் போலவே லுங்கி, கருவாடு, சாயங்காலம் கடற்கரைக் காற்று. காபியை மட்டும் டம்ளரில் குடிக்க மாட்டார்; பெரிய பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்து முக்கி, மீசையில் சொட்டச் சொட்டச் சாப்பிடுவார். வீட்டுக்குள் நுழைந்தாலே அந்தக் காபி, யூகலிப்டஸ் தைலம், பித்தளைப் பொத்தான் துடைக்கிற பாலிஷ் மூன்றும் கலந்த ஒரு நெடி. இப்போதும் எங்காவது யூகலிப்டஸ் வாசனை வந்தால் எனக்குப் பிரெஞ்சுப் பேரரசு ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதன் மூடியில்தான் நான் அவரை முதன்முதலில் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை, காற்றில் பறக்கும் போர்வை, மலைப்பக்கம் நீட்டிய கை. "யாரு தாத்தா, ஐயனாரா?" என்று கேட்டிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குக் குதிரைமேல் வேறு யாரைத் தெரியும்? தாத்தா சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்போலேஓன்டா" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த கதை இரண்டு மூன்று வருடம் ஓடியது. ரொட்டி கொடுத்த பிறகு பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை கதை. கோர்சிகா என்று ஒரு தீவாம். அதைப் பிரான்ஸ் வாங்கிய மறுவருஷம், 1769-ல், அங்கே பிறந்த பிள்ளையாம். அவன் பிரெஞ்சு பேசினால் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்களாம். இந்த இடத்தில் தாத்தா கொஞ்சம் நிறுத்துவார், அவருடைய பிரெஞ்சைக் கேட்டும் யாரோ எங்கேயோ சிரித்திருக்க வேண்டும். பீரங்கிப் படையில் சேர்ந்தவன் முப்பத்தைந்து வயதில் பேரரசன். முடிசூட்டு விழாவைத் தாத்தா நடித்தே காட்டுவார். மூலையில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தி, "போப்பாண்டவரு பக்கத்துல நிக்கச் சொல்லோ, இவன் என்னா பண்ணான்? தானே எடுத்துத் தன் தலையில வச்சிக்கினான். வொலா!" என்று வைத்துக்கொள்வார். வைத்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியாது.

எனக்குப் பிடித்தது ருஷ்யா கதை. அதற்குப் புளியங்கொட்டை வேண்டும். ஆயா பங்குனியில் புளி தட்டி எடுத்த கொட்டையைப் பல்லாங்குழிக்கென்று சேர்த்து வைத்திருப்பாள். அதிலிருந்து அறுபது எண்ணி எடுத்துக்கொண்டு போவேன். ஒரு கொட்டை பத்தாயிரம் பேர். மேசையின் மெழுகுத் துணியில் பூப்போட்ட ஓரம் பிரான்ஸ், காபிக் கிண்ணம் மாஸ்கோ. நடுவில் சிந்தியிருக்கும் காபிக் கோடு ஆறு. 1812 ஜூனில் ஆறு லட்சம் பேரும் ஆற்றைத் தாண்டினார்கள். தாத்தா உள்ளங்கையால் கொட்டைகளைச் சரசரவென்று தள்ளிக்கொண்டு போவார். போகப் போக ஒவ்வொன்றாக ஓரத்தில் எடுத்து வைப்பார். சண்டையே இல்லாமல் எப்படித் தாத்தா குறைகிறது என்று கேட்டால், "சோறு இல்ல. குதிரைக்குப் புல்லு இல்ல. வயித்தால போவுது. எதிராளி நின்னு அடிச்சாத்தானே சண்டை? அவன் ஊரக் கொளுத்திட்டுப் பின்னால பின்னால போறான்" என்பார்.

"மாஸ்கோவப் புடிச்சிட்டாரில்ல?"

"புடிச்சான். புடிச்சிட்டு ஊரு வாசல்ல நிக்கிறான். பெரிய மனுஷங்க வந்து சாவியக் குடுப்பாங்கன்னு காத்துக்கினு நிக்கிறான். ஒருத்தன் வரல. உள்ள போனா ஊரே காலி. ராத்திரி தீ."

கிண்ணத்தின் ஆவி அடங்கியிருக்கும். ஐந்து வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அக்டோபரில் திரும்பியவர்களைப் பனி பிடித்துக்கொண்டது. இப்போது தாத்தாவின் கை மெதுவாகப் போகும், பேச்சும் குறைந்துவிடும். பூப்போட்ட ஓரத்துக்கு வந்து சேரும்போது ஏழெட்டுக் கொட்டைதான் மிஞ்சியிருக்கும். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சைகோன் கதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. பல்லாங்குழிக்குக் கொட்டை போதாமல் போய்விடுமே என்ற கவலையில் நான் மேசைக்கடியில் தேடிக்கொண்டிருப்பேன்.

இங்கேதான் என் மண்டையில் ஒரு குழப்பம் புகுந்தது, அதற்கு ஆயா காரணம். தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அவள் ஒரு கதை சொல்வாள். ஆயி என்று ஒரு தாசி. விளக்கும் சாம்பிராணியுமாக இருந்த அவள் வீட்டை, அந்தப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் கோபம், வீட்டை இடிக்க உத்தரவு. ஆயி அழவில்லை, நானே இடித்துக்கொள்கிறேன் என்று இடித்துவிட்டு, அந்த இடத்தில் குளம் வெட்டினாள். முத்தரையர்பாளையத்துக் குளம். ரொம்ப காலம் கழித்து, நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த புதுச்சேரிக்கு அங்கேயிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்த ராஜா, இந்தக் கதையைக் கேட்டு நெகிழ்ந்து அவளுக்கு மண்டபம் கட்டச் சொன்னான். அதுதான் பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிற ஆயி மண்டபம். "அந்த ராஜா பேரு நெப்போலியன்" என்று முடிப்பாள்.

ஆயி என்பவள் எங்கள் ஆயாவுக்கு ஏதோ ஒரு வகையில் உறவு என்று நான் நம்பிக்கொண்டிருந்தது தனிக்கதை. ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சையில் நெப்போலியனின் வீழ்ச்சிக்குக் காரணம் கேட்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இருந்ததை எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ருஷ்யப் பனியில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்த பேரரசர், தாகத்தோடு புதுச்சேரிக் கடற்கரையில் இறங்கினார் என்றும், முத்தரையர்பாளையத்துத் தண்ணீரைக் குடித்ததும் மனம் மாறி, இனிமேல் சண்டையே போடுவதில்லை என்று ஆயிக்கு மண்டபம் கட்டினார் என்றும் அரைப் பக்கத்துக்கு எழுதி, அடியில் கோடும் போட்டேன். வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். காதைத் திருகியபடியே, "அது மூணாவது நெப்போலியன்டா, மடையா" என்றார். அவர் திருகியதைவிட, அப்படி மூன்று பேர் இருந்தார்கள் என்பதுதான் வலித்தது.

சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் தாத்தா வீட்டுக்குப் போய் நின்றேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

தாத்தா பொத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுத் தேசிய நாளான பதினாலாம் ஜூலைக்கு மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுக்கிற சட்டை அது. வருஷம் முழுக்கத் துடைப்பார். "நீ கேக்கலியே. இவன் பெரியவன். அவன் தம்பி மவன். பெரியப்பன் பேர வச்சிக்கினே ஆட்சியப் புடிச்சவன்." கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் கவுந்தான்" என்று சேர்த்துக்கொண்டார், நான் ஆறுதல் அடையட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கவிழ்ந்ததை நான் வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். கடல் தாண்டி மெக்சிகோவில் தன் ஆளை அரசனாக்கப் போய், அந்த மனிதர் 1867-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1870-ல் பிரஷ்யாவோடு மோதி, செடான் என்ற ஊரில் படையோடு சேர்ந்து பேரரசரும் கைதி. மிச்ச நாள் இங்கிலாந்தில், பெரியப்பாவை அடித்து விரட்டினவர்கள் தேசத்தில். எங்கள் ஊரில் துய்ப்ளேக்ஸுக்குச் சிலை எழுந்ததும் அந்த வருஷம்தான். தெற்கே நவாபு யார், நிஜாம் யார் என்று தீர்மானிக்கப் பார்த்து, கம்பெனிப் பணத்தோடு கைப்பணத்தையும் கொட்டி, 1754-ல் திரும்ப அழைக்கப்பட்டுக் கடனாளியாகச் செத்த கவர்னருக்கு, கவிழப்போகிற பேரரசின் காலத்தில் சிலை! அதன் காலடியில்தான் நாங்கள் சுண்டல் தின்றோம்.

பெரியவர் சங்கதி இன்னும் விசித்திரம். அவர் பேரரசராக இருந்த காலத்தில் ஒரு நாள்கூட எங்கள் ஊர் அவர் கையில் இல்லை. 1793-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்த புதுச்சேரியை, உடன்படிக்கைப்படி 1802-ல் திருப்பித் தரவேண்டும். வாங்கிக்கொள்ள தெக்கான் என்ற தளபதியை அனுப்பினார். 1803 ஜூலையில் கப்பல்கள் இங்கே நங்கூரம் போட்டபோது ஐரோப்பாவில் மறுபடி போர் தொடங்கியிருந்தது. இங்கிலீஷ்காரர்கள் ஒப்படைக்க மறுத்தார்கள். இரவோடு இரவாகக் கப்பல்கள் நழுவி, மொரீசியஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. மாஸ்கோவில் சாவி கொடுக்க ஆளில்லை. இங்கே ஆள் இருந்தும் கொடுக்கவில்லை. பிரான்சிடம் ஊர் திரும்பி வந்தது 1816-ல்; அவர் அதற்கு முந்தின வருஷமே செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்விட்டிருந்தார். கடற்கரையில் உட்கார்ந்து, 1952 புயலில் போன பழைய பாலத்தின் கம்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கப்பல்கள் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று கணக்குப் போடுகிற கெட்ட பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

ஆனால் ஆள் வராவிட்டாலும் அவருடைய புத்தகம் வந்துவிட்டது. 1804-ல் அவர் போட்ட சிவில் சட்டம். 1881-ல் வந்த ஆணைப்படி, சாதி வழக்கப்படியான சட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுப் புதுக் குடும்பப்பெயர் சூட்டிக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. தாத்தாவின் குடும்பம் அதில் ஒன்று. அவர் கல்யாணம், பிள்ளைகளுக்கு வீட்டைப் பிரித்தது எல்லாம் அந்தப் புத்தகப்படிதான். இது தெரிந்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் பிரித்ததில் வந்த சண்டைக்கும் நாப்போலேஓன்தான் காரணமா என்று கேட்டிருப்பேன்.

கடைசி வருஷம் பதினாலாம் ஜூலைக்கு அவரால் நடக்க முடியவில்லை. சட்டையைப் போட்டு, மெடலைக் குத்தி, தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தூரத்தில் பாண்டு சத்தம் கேட்டபோது குதிகாலைத் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் போகும்போது சும்மா சல்யூட் அடித்தார். தாத்தா எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

வீட்டைக் காலி செய்தபோது அவர் மகள் டப்பாவை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பொத்தானும் பாலிஷ் துணியும் இருந்தன. ஆயா கொட்டிவிட்டுத் துடைத்தாள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோடையில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, விளக்கெண்ணெய் பிசைந்து உருட்டிக் காயவைத்த வடவத்தை அதில் போட்டு அடைத்துவிட்டாள். உப்புக் காற்று ஊர் பாருங்கள், இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறிவிட்டது. முதலில் குதிரையின் பின்னங்கால் போயிற்று, அப்புறம் மலை. நீட்டிய கை மட்டும் ரொம்ப நாள் இருந்தது. ஆயா மூடியைத் திறக்க அதைத்தான் கட்டைவிரலால் அழுத்துவாள். திறந்ததும் வீடு முழுக்க வடவம் மணக்கும்.