வோலண்டம்: ஊரே ஒரு குடும்பம்

"டச்சுப் பொண்ணு"ன்னா உங்க மனசுல என்ன வருது? இரண்டு ஓரமும் மேல வளைஞ்ச வெள்ளை லேஸ் குல்லா, கோடு போட்ட பாவாடை. உண்மையில அது ஒரே ஒரு மீனவ ஊரோட உடை. பேரு வோலண்டம். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். டூரிஸ்ட் பஸ்கள் அங்க போகாத நாள் கிடையாது. ஒரு டாக்டரா எனக்கு அந்த ஊர் வேற காரணத்துக்காக முக்கியம்.

பக்கத்து ஊர் எடம். ஆமாங்க, அந்த எடம் சீஸ் ஊர்தான். 1357-ல் எடம்காரங்க கடலுக்குப் புதுசா ஒரு கால்வாய் வெட்ட அனுமதி வாங்கினாங்க. பழைய முகத்துவாரத்தை மண் கொட்டி அடைச்சாங்க. அந்த அடைச்ச இடத்துல குடியேறினவங்கதான் வோலண்டம்காரங்க. பேருக்கு அர்த்தமே "நிரப்பிய அணை".

சுத்துவட்டாரம் எல்லாம் புராட்டஸ்டண்டா மாறினபோது இந்த ஊர் மட்டும் கத்தோலிக்கமா நின்னுது. ஒரு பக்கம் கடல், மத்த பக்கம் வேற மதம். அதனால கல்யாணம் எல்லாம் ஊருக்குள்ளேயே. ஃபேர்மன், டோல், ஸ்கில்டர்னு திரும்பத் திரும்ப அதே குடும்பப் பேர்கள். யாரு எவர்னு தெரிய பட்டப்பேர் வெச்சுத்தான் கூப்பிடுவாங்க!

1932-ல் 32 கிலோமீட்டர் நீள அணை போட்டு கடலையே மூடிட்டாங்க. உப்புத்தண்ணி நல்ல தண்ணியாச்சு, ஹெர்ரிங் மீன் போச்சு, தொழிலும் படுத்துச்சு. சொந்தபந்தம் மட்டும் அப்படியே இருந்தது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்த ஊர்ல சில குழந்தைகள் பிறந்ததுல இருந்தே பால் சப்பி விழுங்கத் திணறும். கை கால் தானா முறுக்கும், வலிப்பு வரும். உட்காரவே மாட்டாங்க, பேச்சும் வராது. பெரும்பாலும் பருவ வயசுக்கு முன்னாடியே இறந்துடுவாங்க. சிறுமூளையும் அதை ஒட்டின பான்ஸ் பகுதியும் சரியா வளராத நோய். பேரு பிசிஹெச் டைப் 2. 1990-ல் பீட்டர் பார்த் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் இதை விவரிச்சார். காரணமான டிஎஸ்இஎன்54 மரபணு 2008-லதான் சிக்கிச்சு.

வோலண்டத்துல ஏறக்குறைய 7 பேருக்கு ஒருத்தர் இதோட கேரியர். கேரியருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அப்பா அம்மா இரண்டு பேருமே கேரியரா இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. ஊர்க்காரங்க ரெண்டு பேர் கட்டிக்கிட்டா, 49 ஜோடிக்கு ஒரு ஜோடி அப்படி அமையும். இவங்க அத்தை பையன், மாமன் பொண்ணு கட்டினவங்க இல்ல, கவனிங்க. ஆரம்பத்துல வந்த கொஞ்சம் பேர்ல யாரோ ஒருத்தர்கிட்ட இருந்த பிழை ஊர் முழுக்கப் பரவியிருக்கு, அவ்வளவுதான்.

2012-ல் ஊர்க்காரங்களுக்குன்னே கர்ப்பத்துக்கு முன்னாடி பரிசோதிக்கிற கிளினிக் தொடங்கினாங்க. இந்த நோயோட சேர்த்து மொத்தம் நாலு நோய்க்கு டெஸ்ட். வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் ஏதோ ஒண்ணுக்குக் கேரியர்! ரெண்டு பேருக்கும் ஒரே நோய்னா, கரு உண்டான மூணாம் மாசத்துலயே பார்க்கலாம், இல்லேன்னா ஐவிஎஃப்ல கருவைச் சோதிச்சு வைக்கலாம். எதுவும் வேண்டாம்னு சொல்றதும் அவங்க உரிமை.

எனக்கு இதுல பிடிச்சது வேற. நம்ம ஓபியில இந்த மாதிரிக் குழந்தையோட வர்ற தாய்கிட்ட மாமியார் முதல்ல கேக்கறது, "இது யார் பக்கத்துல இருந்து டாக்டர் வந்துச்சு?" ரெண்டு பக்கமும்மான்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கும். மூணுல ஒருத்தர் கேரியர்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர்ல யாரை யார் கை காட்டுவாங்க?