ஷோகேஸ் கிளாஸ்

எங்க கல்மண்டபம் பக்கம் பழைய வீட்டு ஷோகேஸைப் பாருங்க. தங்க விளிம்பும் பூ வேலைப்பாடுமா கண்ணாடி கிளாஸ் வரிசையா நிக்கும். சம்பந்தி வந்தாத்தான் கலர் ஊத்த வெளியே வரும். நமக்கு எவர்சில்வர் தம்ளர்தான்.

மெட்ராஸ்ல கிளாஸ்னாலே அந்தஸ்துதான். 1842-ல கட்டின ஐஸ் ஹவுஸ் எதுக்கு? பாஸ்டன்லேருந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டி, துரைமார் கிளாஸ்ல மிதக்கறதுக்கு!

டீக்கடை கிளாஸ் கதை வேற. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லயே தீண்டாமையை ஒழிச்சாச்சு. தலித்துகளுக்குத் தனி கிளாஸ் வைக்கிற இரட்டைக் குவளை முறை மட்டும் அதுக்கப்புறமும் தமிழ்நாட்டுல பல ஊர்ல ஓடுச்சு. கேவலம்.

உங்க ஷோகேஸ் கிளாஸை இறக்குங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு அதுலயே மோர் குடுங்க.