வெட்டிய இரண்டு புள்ளி

விடத்தல்தீவில் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில், ஒரு பிள்ளையின் கொப்பியில் சரியாக இருந்த வசனத்தைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். வெட்டியபோது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அவள் எழுதியது: 'ஐ லைக் கிராப்ஸ் அ லொட்.' நண்டு வலையோடு விடிகிற ஊரில் வேறு எதை எழுதுவாள்? 'அ லொட்' வந்தால் பின்னால் 'ஒவ்' வரவேண்டும், அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரவேண்டும், ஆகவே அது பெயரடை. எனக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். நானும் அதை மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். 'மச்', 'மெனி', 'அ லிட்டில்', 'அ பியூ' எல்லாம் அந்த ஒரே தலைப்புக்குக் கீழே. இரண்டு புள்ளி போனது.

அடுத்த நாள் எழும்பிக் கேட்டாள்: "சேர், நீங்க ஒவ்வொரு நாளும் 'தாங்க்ஸ் அ லொட்' எண்டு சொல்லுறீங்களே, அதுக்குப் பின்னால ஒவ் எங்க?"

வகுப்பு சிரித்தது. "அது சும்மா வாய்ப்பேச்சு, சோதனைக்கு ஆகாது. இரு பிள்ளை" என்றேன்.

அன்றிரவு அகராதியைத் திறந்தேன். அவள் வசனத்தில் 'அ லொட்' வினையைத் தழுவுகிறது, வினையடை. 'அ லொட் பெற்றர்' என்றால் பெயரடைக்கு அடை. 'அ லொட் ஹாவ் கோன்' என்றால் தனித்து நின்று பெயராகவே வேலை செய்கிறது. 'ஒவ்' சேர்ந்தால்தான் பெயருக்கு முன்னால் போய் நிற்கும். அங்கேயும் வினை கேட்பது பின்னால் வருகிற பெயரின் சொல்லைத்தான்: தண்ணீர் என்றால் 'இஸ்', நண்டுகள் என்றால் 'ஆர்'. 'அ லிட்டில்' வினையோடும் போகும், 'மெனி' போகாது. என் மட்டையோ எல்லாவற்றையும் ஒரே பட்டியில் அடைத்து வைத்திருந்தது.

இந்த ஊருக்குப் பெயர் தீவு. இருப்பதோ மன்னாரிலிருந்து பூநகரி போகும் ஏ-32 வீதியோரம், பெருநிலத்தில். பெயரை நம்பித் தோணி விசாரித்தவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

தமிழ் இலக்கணம் படிக்காதவன் என்றால் மன்னிக்கலாம். உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் காட்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பெயரோடும் வினையோடும் போகிற அத்தகைய சொற்களுக்கு உரிச்சொல் என்று தனி இயலே வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கனக்கச் சனம், கனக்கக் கதைக்காத, கனக்க வேண்டாம். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் பொறு, கொஞ்சம் தா. அந்தப் பிள்ளை இதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்கு வந்தாள்.

'லொட்' என்பது பழைய ஆங்கிலத்தில் திருவுளச்சீட்டு மாதிரிப் போட்டுப் பார்க்கிற மரத்துண்டு. பிறகு அதில் விழுந்த பங்குக்குப் பெயரானது, பிறகு ஒன்றாகச் சேர்த்து விற்கிற சாமானுக்கு, கடைசியில் 'நிறைய' என்பதற்கு. கரையில் மீனைக் கூறு போட்டு ஏலம் விடுகிறார்களே, அந்தக் கூறுதான். 'பிட்' என்பதும் கடித்தெடுத்த துண்டு. நாங்கள் 'ஒரு துண்டும் விளங்கேல்ல' என்கிற இடத்தில் அவர்கள் அதைத்தான் வைக்கிறார்கள். பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும் பாடம்.

கூட்டிப்போகவில்லை. 2008இல் போரில் ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்து, கூரை போட முதலே பிள்ளைகளின் கொப்பிக்குக் காசு தேடிய சனம். ரோட்டில் கண்டால் 'இங்கிலீஷ் சேர்' என்று சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அந்த மரியாதையில் ஒரு சொட்டும் குறையக்கூடாது என்று நினைத்தேன். ஒருவரும் இல்லாத நேரம் மட்டையை மட்டும் கழற்றினேன். "நிறம் போயிற்று" என்று சொன்னேன். அது இரண்டாவது பொய்.

அவள் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. அடுத்த தவணைச் சோதனையில் 'ஐ லைக் கிராப்ஸ் வெரி மச்' என்று எழுதியிருந்தாள். முழுப் புள்ளியும் போட்டேன். அந்த 'மச்'சும் என் மட்டையில் பெயரடைதான். அதுவும் வினையடையாகத்தான் அங்கே நின்றது. வெட்டத் தோன்றவேயில்லை.