சாட்சி சொன்ன ஸ்கோர் நோட்டு

சூதாட்ட வழக்கில் சிக்கியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுங்கள்." அபராதம் சிறியது, வாய்தாவுக்கு வாய்தா அலைவது பெரியது என்பது அதன் கணக்கு. 1990-களின் கடைசியில் எங்கள் கடலோர நகரத்துக் கேரம் மன்றத்தின் செயலாளர் என்னைத் தேடி வந்தபோது, அந்த ஆலோசனையை வேறோர் இடத்தில் கேட்டு மறுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"தப்பே பண்ணலியே சார், எதுக்கு ஒத்துக்கணும்?" என்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். மன்றத்துப் பையன்களுக்கு அவர் அண்ணாச்சி.

நடந்தது இதுதான். ஓர் இரவு, இரகசியத் தகவல் என்று சொல்லிப் போலீசார் மன்றத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டு கேரம் போர்டு, காய்கள், ஸ்ட்ரைக்கர்கள், மேசை இழுப்பறையில் இருந்த சந்தாப் பணம், ஒரு நீள நோட்டு ஆகியவை மகஜரில் ஏறின. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-இன் 8-ஆம் பிரிவில் சூதாட்ட விடுதி நடத்தியதாக அண்ணாச்சி மீதும், 9-ஆம் பிரிவில் அங்கே சூதாடியதாகப் பையன்கள் மீதும் வழக்கு. அந்தப் பையன்களில் ஒருவன் மாநிலப் போட்டிகளில் ஆடியவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அபராதம் எவ்வளவு சிறியதானாலும் அது தண்டனைதான். காவல் துறைச் சரிபார்ப்பில் அந்த ஒரு வரி அவன் வேலையை விழுங்கிவிடும்.

எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, வாரண்டு. 5-ஆம் பிரிவின்படி முறையான வாரண்டோடு சோதனை நடந்தால்தான், அங்கே கிடைத்த சீட்டு, பகடை, பலகை முதலியவற்றைக் கொண்டு அந்த இடத்தைச் சூதாட்ட விடுதி என அனுமானிக்க 6-ஆம் பிரிவு இடம் தருகிறது. இங்கே வாரண்டு இல்லை. இதை மட்டும் சொல்லியே விடுதலை கேட்கலாம். ஆனால் சோதனையில் குறை இருந்ததால் தப்பினார்கள் என்ற பேச்சு ஊரில் மிஞ்சும். அண்ணாச்சிக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை.

இரண்டாவது வழி 11-ஆம் பிரிவு. திறமையே அடிப்படையான விளையாட்டுகளை இந்தச் சட்டம் தொடாது என்கிறது அது. 1968-இல் ரம்மி ஆட்டம் பற்றிய சத்தியநாராயணா வழக்கில், எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதில் திறமையே மேலோங்குகிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய லட்சுமணன் வழக்கில், திறமை மட்டுமே என்று சட்டம் சொல்வதற்குத் திறமை மேலோங்கி நிற்பது என்பதே பொருள் என விளக்கியது. குதிரைப் பந்தயத்துக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால் கேரமுக்கு இல்லாமல் போகுமா?

ஆனால் அரசுத் தரப்பு நம்பியிருந்தது போர்டை அல்ல, நோட்டை. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பெயர்கள், கீழே எண்கள், ஓரத்தில் "ஃபைன்", "டியூ", "ரெ 3" என்று குறிப்புகள். ஃபைன் என்பது தோற்றவன் கட்டிய பணம், டியூ என்பது பாக்கி, மொத்தத்தில் இது பந்தயக் கணக்கு என்பது உதவி ஆய்வாளரின் சாட்சியம். கேரம் ஆடாதவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றும்.

குறுக்கு விசாரணைக்கு முன் பல மாலைகள் அண்ணாச்சியோடு உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்தேன். ஆட்டத்தின் விதிகள் தெரிந்தவுடன் எண்கள் பேசத் தொடங்கின. வெள்ளை 9, கருப்பு 9, ரெட் 1. ஒருவர் தம் காய்களை முதலில் முடித்தால் எதிராளிக்கு மிச்சமிருக்கும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு புள்ளி, ரெட்டையும் அவரே எடுத்திருந்தால் மேலும் 3. ஆக ஒரு போர்டில், அதாவது ஒரு சுற்றில், எவரும் 12-க்கு மேல் எடுக்க முடியாது. 25 புள்ளியை முதலில் எட்டியவருக்கு ஆட்டம். யாரும் எட்டாவிட்டால் 8 போர்டுகளின் முடிவில் முன்னால் இருப்பவருக்கு.

நோட்டை உதவி ஆய்வாளரிடம் கொடுத்து, எந்த வரியிலாவது 12-ஐத் தாண்டிய எண் இருக்கிறதா என்று கேட்டேன். புரட்டிப் பார்த்து இல்லை என்றார். எந்த மொத்தமாவது 25-ஐத் தாண்டுகிறதா? இல்லை. பந்தயம் கட்டுகிறவர்கள் எல்லா நாளும் ஒரே வரம்பில் நிற்பதை உங்கள் பணியில் கண்டதுண்டா? பதில் வரவில்லை.

பிறகு நான் குறித்து வைத்திருந்த பக்கத்துக்கு வந்தேன். ஒருவர் 22-இல் நிற்கிறார். அடுத்த போர்டில் ரெட்டையும் எடுத்து, எதிராளியின் 2 காய் மிச்சமிருக்க முடித்திருக்கிறார். ஓரத்தில் "ரெ" என்ற குறி மட்டும் இருக்கிறது, 3 இல்லை. மொத்தம் 24. ஒருவர் 22-ஐத் தொட்டுவிட்டால் அதன்பின் ரெட்டுக்குரிய 3 புள்ளி அவருக்குக் கிடையாது என்பது கேரம் விதி. பணக் கணக்கு எழுதுகிறவன் தனக்கு வரவேண்டிய மூன்றை விட்டுக்கொடுக்க மாட்டான். விதியை மதிக்கிற ஆட்டக்காரன்தான் விடுவான். வழக்கு அந்தப் பக்கத்தில் திரும்பியது.

எங்கள் தரப்புச் சாட்சியாக அண்ணாச்சியைக் கூண்டில் ஏற்றினேன். கைப்பற்றப்பட்ட போர்டையே மேசைமேல் வைத்து விளக்கக் குற்றவியல் நடுவர் அனுமதித்தார். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போய்விட்டால் ஃபைன், போட்ட காய் ஒன்றை வெளியே எடுத்து நடுவில் வைக்க வேண்டும் என்று காட்டினார். எடுத்து வைக்கக் காய் இல்லையென்றால் அதுதான் டியூ, அடுத்த காய் விழும்போது கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

"ரெட் விழுந்தால் போதாதா?" என்று நடுவர் கேட்டார்.

"போதாதுங்கய்யா. மொதல்ல நம்ம காய் ஒண்ணாவது விழுந்திருக்கணும். ரெட்டைப் போட்ட பெறகு அடுத்த அடியிலேயே ஃபாலோ போடணும், நம்ம காய் விழணும். விழலேன்னா ரெட்டு நடுவுக்கே திரும்பிரும்."

காயின் ஓரத்தைத் தொட்டுத் திருப்பி அனுப்பும் கட், காயையே சட்டத்தில் மோதவிட்டு எதிர்க் குழிக்கு அனுப்பும் டபுள், தன் பக்கம் ஒதுங்கிய காய்க்குக் கட்டைவிரலால் அடிக்கும் தம்ப் என ஒவ்வொன்றுக்கும் விரல் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்று வைத்துக் காட்டினார். ரெட்டை எடுப்பதற்கு முன்பே ஃபாலோ காயை ஆட்டக்காரன் மனத்தில் தேர்ந்து வைத்திருப்பான் என்றார். திறமை என்ற சொல்லை நான் விளக்க வேண்டிய தேவையே அதன்பின் இல்லாமல் போனது.

டாஸ் போட்டுத்தானே தொடங்குகிறார்கள், அது அதிர்ஷ்டம் அல்லவா என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டார். டாஸ் முதல் போர்டோடு சரி, பிறகு தொடக்க அடியான பிரேக் மாறி மாறி வரும் என்று பதில் சொன்னேன். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில் உருவானதையும், இருமுறை உலகச் சாம்பியனான தமிழர் மரிய இருதயத்துக்கு 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதை மத்திய அரசு வழங்கியதையும் எடுத்துச் சொன்னேன். அரசே விருது கொடுக்கும் விளையாட்டை அரசுத் தரப்பே சூது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? இழுப்பறைப் பணத்துக்குச் சந்தா ரசீதுகள் இருந்தன. அவற்றையும் தாக்கல் செய்தோம்.

தீர்ப்பு 11-ஆம் பிரிவின் அடிப்படையிலேயே வந்தது. கேரம் திறமை விளையாட்டு, நோட்டில் இருப்பது ஆட்டப் புள்ளிகள், பந்தயம் நிரூபிக்கப்படவில்லை. எல்லாரும் விடுதலை, கைப்பற்றிய பொருள்கள் மன்றத்துக்குத் திரும்ப வேண்டும். வாரண்டு இல்லாத சோதனையைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அந்தப் பையன் தீர்ப்பு நகலை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தான், வேலையில் சேர்ந்தான்.

2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 3 தங்கம் வென்றார். அப்படிப்பட்ட கைகள் பழகுவது தெருமுனை மன்றங்களில்தான். அவற்றை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. சந்தாவுக்கு ரசீது கொடுங்கள். ஸ்கோர் நோட்டைத் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். போர்டின் மேல் பணம் வைக்க யாரையும் விடாதீர்கள். பணையம் வைத்து ஆடும் ஆட்டத்தில் விடுதி நடத்துபவர் லாபம் பார்த்தால் குற்றம் ஆகலாம் என்று 1968 தீர்ப்பே எச்சரித்திருக்கிறது. செய்யாத குற்றத்தை, அலைச்சலுக்கு அஞ்சி, ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.