ஏரிக்கரையில் ஒரு பால்மரம்



தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வரும் நம் உறவுக்காரர்கள் எங்கெங்கே போவார்கள் என்று சொல்லட்டுமா? முதல் நாள் சிராங்கூன் ரோடு, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை. இரண்டாம் நாள் மிருகக்காட்சிசாலை. மூன்றாம் நாள் மறுபடியும் முஸ்தபா கடை! பிறகு மூட்டை முடிச்சோடு ஜோகூர் பஸ். நான் செங்காங்கில் குடியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, "உங்கள் ஊரில் ஏரி இருக்கிறதாமே, காடு இருக்கிறதாமே, காட்டேன்" என்று கேட்டதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காட்டைப் பார்க்க ஒரு பயணமா?

கேமரன் மலைப் பக்கம் உள்ள வாசகர்கள், "மலையே இல்லாத ஊரில் ஏரியா?" என்று சிரிக்கலாம். சிரியுங்கள். எங்களுடைய பெரிய மலை புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். அதைச் சுற்றியும் அதற்குக் கிழக்கேயும் உள்ள மேடு பள்ளங்களுக்கு நடுவே நான்கு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மெக்ரிச்சி, கீழ் பியர்ஸ், மேல் பியர்ஸ், மேல் சிலேத்தார். நால்வரில் மூத்தது மெக்ரிச்சி. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்கென்று தான் கிம் செங் என்ற சீன வணிகர் 1857இல் 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். அந்தப் பணம் வேறு வகையில் வீணாகிப் போனது தனிக் கதை. நீர்த்தேக்கம் என்னவோ 1868வாக்கில் வந்துவிட்டது. இப்போதுள்ள பெயர் 1922இல் வைத்தது; நகராட்சிப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் மெக்ரிச்சியின் பெயர்.

இந்த இடத்தில் நம் கதையும் வருகிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இந்தத் தீவின் காடுகளைக் கம்பீர் தோட்டமும் மிளகுத் தோட்டமும் தின்றுவிட்டன. பின்னால் ரப்பர் வந்தது. அப்படியிருக்க, நடுத்தீவில் இன்றைக்கு 2,000 ஹெக்டேருக்கு மேல் காடு எப்படி மிஞ்சியது? தண்ணீரால்தான். ஏரிக்குள் மண் சரிந்து விழாமல் இருக்க வேண்டுமானால் சுற்றிலும் மரம் நிற்க வேண்டும். அதனால் ஏரியைச் சுற்றிக் கோடரி போகக் கூடாது என்று வைத்தார்கள். ஆதிக்காட்டின் துண்டுகள் தப்பின. கைவிடப்பட்ட தோட்டங்களும் மெல்ல மெல்லக் காடாக மாறின.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஜோகூரில் ஒரு தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். அப்பா போன பிறகு என்னோடு வந்துவிட்டார். செங்காங்கில் பன்னிரண்டாவது மாடி. காலை நாலு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அல்லவா? நாலு மணிக்கு எழுந்து, செய்ய வேலை இல்லாமல் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என் மகள், "ஆயா, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று விளையாட்டாகக் கேட்டாள். "இங்க உதவுற வேலை ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் அம்மா. அதைக் கேட்ட எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்ரிச்சிக்குப் போகலாம் என்றேன். "காசு குடுத்து ரயிலேறிப் போயி காட்டப் பாக்கணுமா? காட்டுலதான நாப்பது வருஷம் கெடந்தேன்" என்றார். அதுவும் நியாயம்தான். தோட்டத்தில் காடு என்றால் வேலை, இல்லாவிட்டால் பயம். பாம்பு, காட்டுப்பன்றி, அட்டை. வேடிக்கை பார்க்கக் காட்டுக்குள் போனவர் துரை ஒருவர்தான். கழுத்தில் தூரக்கண்ணாடியும் பக்கத்தில் நாயுமாக அவர் போவதை நம்மவர்கள் நிரையில் நின்றபடி பார்த்ததுண்டு. எப்படியோ மகள் கெஞ்சி ஆயாவைக் கிளப்பிவிட்டாள்.

செங்காங்கிலிருந்து சிராங்கூன் போய் வட்டப்பாதை ரயிலுக்கு மாறினால், நாலாவது நிலையம் கால்டிகாட். அங்கிருந்து சிறிது தூரம். வயதானவர்களுக்கு ஏரிக்கரையை ஒட்டியே பலகை போட்ட நடைபாதை இருக்கிறது. தண்ணீர் ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். மீன்கொத்தி நீலக்கோடு போட்டதுபோல் பறந்தது. கரையில் ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு. "ஒங்க தாத்தா இருந்தா இந்நேரம் கறி வச்சிருப்பாரு" என்று அம்மா சொல்ல, மகள் பதறிப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா நின்றுவிட்டார். "அந்த மரத்தப் பாரு. பட்ட ஒரு மாதிரியா இருக்கு. நோவு வந்த மரமாட்டம்." நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பெரிய காமிராவோடு எங்களைத் தாண்டிப் போன இரண்டு பேரும் பார்த்தார்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அந்தப் பட்டை கண்ணைத் திறந்தது!

அதுதான் கொலுகோ. மலாய்க்காரர்கள் குபுங் என்பார்கள். பறக்கும் லெமூர் என்றும் சொல்வதுண்டு. உண்மையில் அது லெமூருமில்லை, பறப்பதுமில்லை. கழுத்திலிருந்து வால் நுனி வரை போர்வைபோல் தோல் இருக்கும். அதை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் சறுக்கும். ஒரே தாவலில் நூறு மீட்டருக்கு மேலும் போகக்கூடியது. பகலெல்லாம் மரத்தில் ஒட்டிக்கொண்டு பட்டையோடு பட்டையாகக் கிடக்கும். தினமும் காலையில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களின் பட்டையைத் தடவி, எது நல்ல பட்டை எது கெட்ட பட்டை என்று பார்த்த கண்ணுக்குத்தான் அது தப்பவில்லை. காமிராக்காரர்கள் அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார்கள். அம்மா, "பொத்தோங் கெத்தா" என்றார். பால் வெட்டு என்று பொருள். உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

திரும்பி வரும்போது பாதையோரத்தில் புள்ளி போட்ட விதைகள் கிடந்தன. சின்ன வயதில் கல்லில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைத்து விளையாடுவோமே, அதே விதை. நிமிர்ந்து பார்த்தால் பால்மரம். யாரோ எப்போதோ நட்ட தோட்டத்தின் மிச்சம், காட்டு மரங்களுக்கு நடுவே தானும் ஒரு காட்டு மரமாக நிற்கிறது. அம்மா அதைச் சுற்றி வந்தார். வெட்டும் இடத்தில் கையை வைத்து ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அவர் வேலை செய்த தோட்டத்தில் இன்றைக்கு ஒரு பால்மரம் கிடையாது, எல்லாம் செம்பனை. லயங்களும் போய்விட்டன.

கேமரன் மலை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ரிங்லெட் ஏரியும் மனிதர் கட்டியதுதான். சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் முடிந்தது. போன தடவை அங்கே வந்தபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மேலே சரிவுகளில் மரங்களை வெட்டிக் காய்கறித் தோட்டம் போட, மழைக்கு மண் இறங்கி ஏரியை நிரப்பிக்கொண்டே வருகிறது. வாரி எடுக்க எடுக்கப் புதிய மண் வருகிறது. ஏரி இருக்கிற ஊரில் இருப்பவர்கள் அந்தக் கரையில் மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளோடு நடந்தால், தண்ணீரின் நிறம் மாறுவது முதலில் அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பறவைகளும் அடங்கிவிடும், வெயிலும் ஏறிவிடும். பளபளக்கும் உடுப்பு வேண்டாம். பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். நீண்ட வால் குரங்குகளுக்குப் பை என்றால் பலகாரம் என்று அர்த்தம். பாவமாயிருக்கிறதே என்று வாழைப்பழம் நீட்டிவிடாதீர்கள். காட்டுப் பிராணிகளுக்குத் தீனி போட்டால், 2020 முதல் சிங்கப்பூரில் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதம் கிடக்கட்டும்; தீனி தின்று பழகிய குரங்கு மனிதரிடம் பறிக்க ஆரம்பிக்கும், பிறகு அதற்குத்தான் ஆபத்து. கருப்பு முதுகும் வெள்ளைக் கோடுமாக இலை தின்னும் குரங்கைக் கண்டால் அசையாமல் நின்று பாருங்கள். அந்த ராஃபிள்ஸ் லங்கூர் இந்தத் தீவில் நூறுகூட இல்லை. கால் பலம் உள்ளவர்கள் மரங்களின் உச்சியில் போகும் தொங்குபாலத்துக்கும் போகலாம். 250 மீட்டர் நீளம்; 2004இல் திறந்தது. நல்ல ஏற்ற இறக்கம் உண்டு. திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும்.

அவ்வளவு தூரம் முடியாத நாட்களில் எங்கள் செங்காங்கே போதும். பொங்கோல் ஆற்றின் வாயை அணைத்து 2011இல் நீர்த்தேக்கமாக்கினார்கள். அதன்மேல் மிதக்கிற ஒரு செடித் திட்டு இருக்கிறது, பாதிக் கால்பந்துத் திடல் அளவு. செடிகளின் வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். வேர்களுக்கு நடுவே மீன்குஞ்சுகள் ஒளிந்திருக்கும். அம்மா இப்போது நாலு மணிக்கு எழுந்து, வெளுக்கும் வரை பொறுத்திருந்து, அங்கே போய்விடுகிறார். ஒரு காலத்தில் இந்தத் தீவை விட்டே போய்விட்ட நீர்நாய்கள் 1990களின் கடைசியில் திரும்பி வந்தனவே, அவற்றில் ஒரு குடும்பத்தை அங்கே பார்த்திருக்கிறார். மொத்தம் ஏழு, அதில் குட்டி மூன்று என்று கணக்கு வைத்திருக்கிறார். பக்கத்து புளோக் சீனப் பாட்டி எட்டு என்கிறார். இரண்டு பேருக்கும் பொது மொழி கொஞ்சம் மலாய்தான். அதிலேயே தினமும் சண்டை நடக்கிறது.